கைப்பிரதி அச்சேறும் வழி

அரசுப் பாடநூல் ஒன்றைக் கையில் எடுங்கள். பாடங்களைத் தள்ளிவிட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். பாட வல்லுநர், மேலாய்வாளர், பாடநூலாசிரியர்கள், ஒருங்கிணைப்பாளர், ஓவியர், பக்க வடிவமைப்பாளர், தட்டச்சர், விரைவுக் குறியீடு மேலாண்மைக் குழு என்று பெயர்கள் வரிசையாக நிற்கும். அடியில், நூல் 80 ஜிஎஸ்எம் எலிகண்ட் மேப்லித்தோ தாளில் ஆஃப்செட் முறையில் அச்சானது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். மாணவர் யாரும் படிக்காத அந்தப் பக்கம், பாடநூல் உருவாகும் வழியை முழுதாகச் சொல்லிவிடுகிறது.

தனியார் பதிப்பகத்துக்காகவோ சொந்தச் செலவிலோ பாடநூல் எழுதும் கல்லூரி ஆசிரியருக்கு இத்தனை பேர் அமைவதில்லை. வேலைகள் மட்டும் இத்தனையும் உண்டு. எதை யார் செய்வது என்று முன்கூட்டியே பேசி வைக்காவிட்டால், விட்டுப்போன வேலை எது என்பது அச்சான பிறகுதான் தெரியவரும். இந்த அத்தியாயம் அப்படிப்பட்ட ஆசிரியருக்காக எழுதியது. பேச்சுக்கு ஒரு நூலை வைத்துக்கொள்வோம்: தமிழ்வழி இளநிலை முதலாண்டுத் தாவரவியல், டெமி அளவு, 256 பக்கம், 1000 படி, உள்ளே கறுப்பு வெள்ளை, அட்டை மட்டும் வண்ணம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நூலில் எதை மாற்ற நினைத்தாலும் கைப்பிரதியிலேயே மாற்றிவிடுங்கள். அங்கே ஒரு பத்தியை எடுக்கச் செலவே இல்லை. பக்கம் கட்டிய பிறகு அதே பத்தியை எடுத்தால் பின்னால் உள்ள பக்கங்கள் எல்லாம் நகரும். பொருளடக்கமும் சொல்லடைவும் பொய்யாகும். பிளேட் போட்ட பிறகு என்றால் புது பிளேட்டுக்குக் காசு. அச்சான பிறகு என்றால், பிழைதிருத்தச் சீட்டை ஆயிரம் படிகளிலும் ஒட்ட ஆள் தேட வேண்டும். இது தெரியாதவர் யாருமில்லை. இருந்தும் "மீதியைப் புரூஃபில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லாத ஆசிரியர் அரிது.

கைப்பிரதி எப்போது முடிகிறது

பாடம் எழுதி முடித்ததும் கைப்பிரதி முடிந்தது என்று ஆசிரியர் நினைக்கிறார். பதிப்பாசிரியர் கணக்கு வேறு. படங்கள், படக் குறிப்புகள், அட்டவணைகள், பயிற்சி வினாக்கள், விடைகள், கலைச்சொல் பட்டியல், பிறரிடமிருந்து எடுத்தவற்றுக்கான அனுமதிக் கடிதங்கள், முன்னுரை என எல்லாம் ஒரே கோப்புறைக்குள் வந்து சேரும் நாளில்தான் அவருக்குக் கைப்பிரதி முடிகிறது. பெரியவர் ஒருவரிடமிருந்து அணிந்துரை வர வேண்டியிருக்கிறது என்று இரண்டு பக்கத்தைக் காலியாக விட்டு வேலையைத் தொடங்காதீர்கள். வரும் அணிந்துரை நான்கு பக்கமாக இருக்கும்.

பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்து அலகு அலகாக ஒப்பிட்டுப் பாருங்கள். பாடத்திட்டத்தில் இருந்து நூலில் இல்லாதது எது, நூலில் இருந்து பாடத்திட்டத்தில் இல்லாதது எது என்று இரண்டு பட்டியல் போடுங்கள். இரண்டாவது பட்டியல்தான் பெரும்பாலும் நீளமாக இருக்கும். அதில் பாதியையாவது வெட்டலாம். எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்தக் கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தின்படி எழுதப்பட்டது என்பதைத் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் அச்சிடுங்கள். பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்கு வாங்கும் மாணவருக்கு அந்த ஒரு வரிதான் துணை.

அடுத்தது தகவல் சரிபார்ப்பு. பழைய பாடநூலைப் பார்த்தே புதிய பாடநூலை எழுதும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதனால் பழசாகிப்போன தகவலும் சேர்ந்து வந்துவிடுகிறது. எண்ணிக்கை, பெயர், வரையறை இந்த மூன்றும்தான் முதலில் பழசாகும். தமிழ்நாட்டில் மாவட்டங்கள் 38 என்பது 2020இல் மயிலாடுதுறை தனி மாவட்டமான பிறகு வந்த கணக்கு. தாத்ரா நகர் ஹவேலியும் தாமன் தியூவும் 2020 ஜனவரியில் இணைக்கப்பட்டதால் இந்திய ஒன்றியப் பகுதிகள் எட்டு ஆயின. கிலோகிராமுக்கு வரையறையாக இருந்த பிளாட்டினம் இரிடியம் உருளை 2019 மே 20 அன்று அந்தப் பதவியை இழந்தது. இப்போது பிளாங்க் மாறிலியைக் கொண்டு வரையறுக்கிறார்கள். நம் தாவரவியல் நூலிலும் இதே கதைதான். கருவேல மரத்துக்கு அக்கேசியா நைலோட்டிகா என்ற பெயர் பழைய நூல்களில் இருக்கும். அக்கேசியா என்ற பேரினத்தைப் பிரித்த பிறகு அது வாச்செல்லியா நைலோட்டிகா. பழைய பெயரை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் வேண்டாம். புதிய பெயரை எழுதி, முன்பு வழங்கிய பெயர் இது என்று ஒரு முறை சொன்னால் மாணவருக்கு இரண்டு வகை நூல்களும் புரியும். பழைய நூலிலிருந்து வரும் ஒவ்வோர் எண்ணையும் பெயரையும் மஞ்சள் வண்ணமிட்டு, ஒவ்வொன்றையும் மூல நூலிலோ துறை அமைப்பின் வெளியீட்டிலோ பார்த்த பிறகே வண்ணத்தை நீக்குங்கள்.

பயிற்சி வினாக்களை எழுதியவரே விடையையும் எழுதக் கூடாது. வேறோர் ஆசிரியரிடமோ, நன்றாகப் படிக்கும் மாணவரிடமோ கொடுத்து, பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டு விடை எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு விடைக்கும் எதிரில், பாடத்தில் அது எங்கே இருக்கிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். இடம் கிடைக்காத வினாக்கள் பத்துக்குக் குறையாமல் தேறும். ஒன்று, பாடத்தில் ஒரு வரி சேர வேண்டும். இல்லையென்றால் வினா போக வேண்டும். 'மேற்கண்ட அனைத்தும்' என்று நான்காவது விடை கொடுத்தால் அதுவே சரியான விடை என்பதை எந்த மாணவரும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். அந்த வழக்கத்தையும் இங்கேயே நிறுத்துங்கள்.

பிறர் எழுத்தும் பிறர் படமும்

பாடநூல்தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் கல்விக்குச் சில விலக்குகள் தருவது உண்மை. ஆனால் அவை குறுகியவை. கற்பித்தலுக்கான தொகுப்பு நூலில் வெளியான இலக்கியப் படைப்புகளிலிருந்து சிறு பகுதிகளை எடுக்கலாம். அதற்கு, அந்தத் தொகுப்பின் பெரும்பகுதி பதிப்புரிமை இல்லாத எழுத்தாக இருக்க வேண்டும். ஒரே ஆசிரியரின் நூல்களிலிருந்து ஒரே பதிப்பாளர் ஐந்தாண்டுகளில் இரண்டு பகுதிகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. மொழிப் பாடநூல் தொகுப்போர் இந்த இரண்டு என்ற எண்ணை மறக்கக் கூடாது. எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை இருக்கும். பாரதியார் தொடங்கி நாட்டுடைமையாக்கப்பட்ட தமிழ் எழுத்தாளர்களின் படைப்புகளுக்கு இந்தக் கவலை இல்லை.

இணையத்தில் கண்ட படத்தை எடுத்து 'நன்றி: இணையம்' என்று போடுவது அனுமதி ஆகாது. அறிவியல் பாடநூலுக்கு நான் எப்போதும் சொல்வது, ஓவியரிடம் கொடுத்துக் கோட்டுப்படம் வரைந்து வாங்குங்கள் என்பதுதான். வேரின் குறுக்குவெட்டைக் கறுப்பு வெள்ளைப் புகைப்படமாக அச்சிட்டால் சாம்பல் நிறத் திட்டுதான் மிஞ்சும். கோட்டுப்படத்தில் புறத்தோல், புறணி, அகத்தோல் எல்லாம் தெளிவாகத் தெரியும். மாணவர் தேர்வில் வரையப்போவதும் அதைத்தான். ஓவியருக்குக் கொடுக்கும் பணம் வீணாவதில்லை, படத்தின் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டால். சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். பதிப்பகத்தோடு நீங்கள் போடும் ஒப்பந்தத்துக்கும் இதே விதிதான். கையெழுத்திடும் முன் இந்த இரண்டு இடங்களையும் தேடிப் படியுங்கள்.

இந்திய வரைபடம் இருந்தால் இந்திய நில அளவைத் துறை வெளியிட்ட வரைபடத்தோடு வெளி எல்லைகள் ஒத்துப்போக வேண்டும். மாறாக இருந்தால் ஆறு மாதம் வரை சிறை விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. இந்த விஷயத்தில் துணிச்சல் வேண்டாம்.

செம்மையாக்கம்

மேலாய்வுக்கு இருவரிடம் கொடுங்கள். ஒருவர் துறை வல்லுநர். மற்றவர் அந்த வகுப்புக்கு இப்போது பாடம் நடத்துபவர். வல்லுநர் பிழையைப் பிடிப்பார். நடத்துபவர், எந்த இடத்தில் வகுப்பு தூங்கிவிடும் என்று சொல்வார். இரண்டும் வேண்டும்.

அதன் பிறகு மொழிச் செம்மை. இதற்குத் தாள் ஒன்றை எடுத்து, நூல் முழுவதும் எந்தச் சொல்லை எப்படி எழுதப்போகிறோம் என்று குறித்து வைக்க வேண்டும். ஆக்சிஜனா உயிர்வளியா, குரோமோசோமா நிறப்புரியா, சதவீதமா விழுக்காடா, இப்படி ஐம்பது அறுபது சொற்கள் வரும். எது சிறந்தது என்று வாதிடும் இடம் இதுவல்ல. வல்லினம் மிகுவது குறித்தும் அந்தத் தாளிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்களும் தமிழக அரசின் சொற்குவைத் தளமும் எதை ஆள்கின்றன என்று பார்த்து, மாணவர் பள்ளியில் படித்த சொல்லையே தொடருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒளிச்சேர்க்கை என்று படித்தவரிடம் கல்லூரியில் வேறு பெயர் சொன்னால் அது வேறு ஏதோ ஒன்று என்றுதான் நினைப்பார். இலங்கை மாணவர்களுக்காக எழுதினால் ஒளித்தொகுப்பு, ஒட்சிசன் என்று அங்கே வழங்குவதை எழுத வேண்டும். இரண்டு ஊரையும் ஒரே நூலில் திருப்திப்படுத்த முயன்றால் ஒவ்வொரு வரியிலும் அடைப்புக்குறி முளைக்கும்.

எழுத்துருச் சிக்கல்

தமிழ் நூல் தயாரிப்பில் பிழை பெருமளவில் புகும் இடம் இதுதான், ஆங்கில நூல் போடுபவர்களுக்கு இது இருப்பதே தெரியாது. நீங்கள் வீட்டில் யூனிகோடில் தட்டச்சு செய்கிறீர்கள். டிடிபி கடையில் பேஜ்மேக்கர் வைத்திருக்கிறார்கள். 2001இல் வந்த 7.0 பதிப்போடு நின்றுபோன அந்த மென்பொருளுக்கு யூனிகோட் தெரியாது. ஆகவே உங்கள் கோப்பை அவர்கள் பாமினிக்கோ ஸ்ரீலிபிக்கோ வேறு பழைய குறியாக்கத்துக்கோ மாற்றுவார்கள். மாற்றும்போது தமிழ் ஒழுங்காகப் போய்விடும். நடுவில் ரோமன் எழுத்தில் உள்ள தாவரப் பெயர்கள் தமிழ் எழுத்துக் குப்பையாக மாறும். மேற்கோள் குறி, அடைப்புக்குறி, பாகைக் குறி, கூட்டல் கழித்தல் ஆகியவையும் ஊர் மாறிவிடும். தாவரவியல் நூலில் பக்கத்துக்குப் பத்து இருசொற் பெயர்கள் வந்தால், 256 பக்கத்தில் எத்தனை இடம் என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்கு ஒரே மருந்து, தொடக்கம் முதல் முடிவு வரை யூனிகோடிலேயே இருப்பது. இன்டிசைனில் வேலை செய்யும் வடிவமைப்பாளரைத் தேடுங்கள். அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பத்தி அமைப்பில் 'வேர்ல்ட் ரெடி கம்போசர்' தேர்ந்தெடுத்திருக்கிறாரா என்பது. அது இல்லாவிட்டால் 'கெ' என்பதன் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். மாதிரிக்கு ஒரே ஒரு பாடத்தைக் கொடுத்து, பிடிஎஃப் வாங்கி, ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். சரியாக இருந்த பிறகே மீதியைக் கொடுங்கள். வேறு வழியின்றிப் பழைய எழுத்துருவுக்கே போக நேர்ந்தால், ரோமன் எழுத்துச் சொற்களை எல்லாம் முன்பே தனிப் பாணியில் குறித்துப் பட்டியலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். புரூஃபில் அந்தப் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகத் தேடலாம்.

பக்க அமைப்பில் கவனிக்க வேண்டியவை சில. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. இருபுறமும் வரியைச் சமன்செய்தால் சொற்களுக்கிடையில் பெரிய இடைவெளி விழும். அதைக் குறைக்கச் சொல்லை உடைக்கிறார்கள். உடைக்கலாம், ஆனால் வரித் தொடக்கத்தில் புள்ளி எழுத்து வரக் கூடாது. அடுத்த வரியில் 'ல்' என்றோ 'ம்' என்றோ ஒரு மெய்யெழுத்து தனியாக நிற்கும் பக்கத்தைத் திருப்பி அனுப்புங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்; அது படத்தைச் சுருக்கிவிடும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். நான்கு அங்குல அகலப் படம் என்றால் 1200 புள்ளி அகலம். திரையில் அழகாகத் தெரிவது அச்சில் சேறாக வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மெய்ப்பு

மூன்று புரூஃப் வழக்கம். முதல் புரூஃபைக் கைப்பிரதியோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். ஒருவர் கைப்பிரதியை உரக்க வாசிக்க, மற்றவர் புரூஃபில் பார்ப்பதே இன்னும் சிறந்த முறை. தனியாகப் படித்தால் கண் தான் நினைத்ததைப் படிக்கும். விட்டுப்போன வரி தெரியாது. இரண்டாம் புரூஃபில் முதல் திருத்தங்கள் எல்லாம் ஏறினவா என்று பாருங்கள். ஏறிய ஒவ்வோர் இடத்திலும் மேல் வரியையும் கீழ் வரியையும் பக்க இறுதியையும் சேர்த்துப் படியுங்கள், ஒரு பிழையை எடுக்கும்போது இன்னொன்று நுழைவது அங்கேதான். மூன்றாம் புரூஃபில் புதிதாக எதையும் எழுதாதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்க்க முயல்வது வீண். எண்களுக்கு மட்டும் ஒரு முறை, தலைப்புகளுக்கும் பொருளடக்கத்துக்கும் ஒரு முறை, படங்களுக்கு ஒரு முறை என்று தனித்தனியாகப் போங்கள். 'படம் 4.3ஐப் பார்க்க' என்று பாடத்தில் இருந்தால் 4.3 என்ற படம் இருக்கிறதா, அது சொன்ன படம்தானா என்று விரல் வைத்துப் பாருங்கள். படத்தில் உள்ள பெயர்க்குறிப்புகளை இணைக்கும் கோடு சரியான பகுதியில் முடிகிறதா என்பதை ஆசிரியரைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது.

எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருள்கள் இப்போது தமிழுக்கும் வந்துவிட்டன. பயன்படுத்துங்கள், நம்பாதீர்கள். இலை இழையாகவும், வேர் வேறாகவும், கனி கணியாகவும் மாறினால் மென்பொருள் வாய் திறக்காது. எல்லாமே சரியான சொற்கள். தாவரவியல் நூலில் இலைக்கும் இழைக்கும் இரண்டுக்கும் இடம் உண்டு என்பதால் படிப்பவருக்கும் சந்தேகம் வராது. துணைக்காலும் ரகரமும் மாறுவது, 'ஔ' என்பதை 'ஒ'வும் 'ள'வுமாகத் தட்டுவது, புள்ளி விழாமல் போவது ஆகியவற்றைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

திருத்தங்களைத் தாளில் சிவப்பு மையில் எழுதுங்கள், அல்லது பிடிஎஃப்பில் குறியுங்கள். வடிவமைப்பாளருக்கு இரவு பதினோரு மணிக்கு வாட்ஸ்அப் குரல் செய்தியில் "நாற்பத்தஞ்சாம் பக்கத்துல மேலேர்ந்து மூணாவது பாரா..." என்று சொல்வதற்குப் பெயர் திருத்தம் அல்ல. கோப்புகளுக்கு 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'லாஸ்ட் ஃபைனல்' என்று பெயர் வைப்பதையும் நிறுத்துங்கள். தேதியைப் பெயராக வையுங்கள். தவறான கோப்பு அச்சுக்குப் போய், திருத்திய பிழைகள் எல்லாம் திரும்பி வந்த நூல்கள் சந்தையில் இருக்கின்றன.

தாள் கணக்கு

அச்சகத்தில் நூலைப் பக்கமாக எண்ணுவதில்லை, பாரமாக எண்ணுகிறார்கள். 18×23 அங்குலத் தாளின் இருபுறமும் அச்சிட்டு மூன்று முறை மடித்தால் எட்டு இதழ், 16 பக்கம். அது ஒரு பாரம். விளிம்பு வெட்டிய பிறகு ஐந்தரைக்கு எட்டரை அங்குல டெமி அளவு கிடைக்கும். நம் 256 பக்கம் சரியாக 16 பாரம். 259 பக்கம் வந்தால் மூன்று பக்கத்துக்காக அரைப் பாரமோ ஒரு பாரமோ கூடும். அப்போது மூன்று பக்கத்தைக் குறைப்பதே புத்திசாலித்தனம். எங்கே குறைப்பது? ஒரு வரி மட்டும் அடுத்த பக்கத்துக்கு வழிந்த பாட முடிவுகளைத் தேடுங்கள்.

16 பாரம், 1000 படி என்றால் 16,000 தாள். ரீமுக்கு 500 தாள். ஆக 32 ரீம். 18×23 அங்குலத்தில் 80 ஜிஎஸ்எம் தாளின் ரீம் சுமார் 10.7 கிலோ எடை. மொத்தம் 342 கிலோ. இயந்திரம் சரிசெய்யும்போதும் கட்டும்போதும் வீணாவதற்கு ஐந்து விழுக்காடு சேர்த்தால் 360 கிலோவை நெருங்கும். தாள் கிலோ விலையில்தான் விற்கிறது, ஆகவே அன்றைய விலையால் பெருக்கினால் செலவின் பெரும்பகுதி தெரிந்துவிடும். அச்சகத்தார் சொல்லும் தொகை சரியா என்று பார்க்க இந்தக் கணக்கு போதும். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்யும் டிஎன்பிஎல் தொடங்கிப் பல ஆலைகளின் மேப்லித்தோ கிடைக்கிறது. மதிப்பீட்டில் ஆலையின் பெயரையும் ஜிஎஸ்எம்மையும் எழுதி வாங்குங்கள். 80 என்று சொல்லி 70 போட்டால் பின்பக்க எழுத்து முன்பக்கத்தில் தெரியும். கோட்டுப்படங்கள் உள்ள நூலில் அது பெரிய தொல்லை.

128 இதழ் கொண்ட இந்த நூல் அட்டை நீங்கலாகவே 310 கிராம் இருக்கும். பள்ளி நூல் எழுதுபவர்கள் இந்த எடையை மறக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறை வந்து புத்தகங்கள் மூன்றாகப் பிரிந்ததற்குப் பைச் சுமையும் ஒரு காரணம்.

அச்சும் கட்டும்

இறுதி பிடிஎஃப் கிடைத்ததும் அச்சகத்தில் பக்கங்களைப் பாரத்துக்கு ஏற்ப அடுக்கி, கணினியிலிருந்து நேரடியாகப் பிளேட் எடுக்கிறார்கள். சிடிபி என்று அதற்குப் பெயர். பாரத்தின் ஒரு புறத்துக்கு எட்டுப் பக்கம். ஆகவே ஒரு பிளேட்டில் எட்டுப் பக்கம், நம் நூலுக்கு 32 பிளேட். ஒரே ஓர் எழுத்தைத் திருத்தினாலும் எட்டுப் பக்கப் பிளேட்டை மறுபடி எடுக்க வேண்டும். பிளேட்டுக்கு முன் மடித்த மாதிரி ஒன்று கேட்டு வாங்கி, பக்க எண் வரிசையை மட்டுமாவது பாருங்கள். பிறகு அச்சிடலாம் என்று எழுத்தில் கொடுங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

சில வண்ணப் படங்கள் வேண்டுமென்றால் அவற்றை நூல் முழுவதும் தூவாதீர்கள். ஒரே பாரத்தில் சேர்த்தால் அந்தப் பாரத்துக்கு மட்டும் நான்கு வண்ணச் செலவு. முழு நூலும் வண்ணம் என்றால், எழுத்து கறுப்பு மையில் மட்டும் அமைந்திருக்கிறதா என்று கேளுங்கள். நான்கு மையும் கலந்த கறுப்பில் சிறு எழுத்து வந்தால், இயந்திரம் இம்மி விலகினாலும் எழுத்துக்கு நிழல் விழும்.

அட்டைக்கு முதுகின் கனம் தெரிய வேண்டும். 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ இதழ் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், 128 இதழுக்கு 13 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. உத்தேசமாக விடாமல், அதே தாளில் அச்சிடாத டம்மி ஒன்று கட்டச் சொல்லி அளந்துகொள்ளுங்கள்.

கட்டுமானத்தில் சிக்கனம் பார்ப்பவர்கள் பாடநூலைக் கெடுக்கிறார்கள். பாரங்களின் முதுகை அரைத்துப் பசை பூசி அட்டை ஒட்டுவதைத்தான் பர்ஃபெக்ட் பைண்டிங் என்கிறார்கள். ஒரு முறை படித்து வைக்கும் நாவலுக்கு அது போதும். தினமும் விரித்து, மடக்கி, பையில் திணிக்கும் நூலுக்குப் போதாது. பாரம் பாரமாக நூலால் தைத்து, அதன் மேல் அட்டை ஒட்டச் சொல்லுங்கள். செக்‌ஷன் தையல் என்றால் அச்சகத்தாருக்குப் புரியும். செலவு கூடும், பக்கம் உதிராது. மாதிரிப் படியை நடுவில் விரித்து மேசையில் அழுத்திப் பாருங்கள். முதுகு வெடித்தால் மொத்தத்தையும் கட்டவிடாதீர்கள். தாளுக்கு நார் ஓடும் திசை உண்டு. அது முதுகுக்கு இணையாக ஓடாவிட்டால் நூல் மழைக்காலத்தில் வளையும். இதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

என் கருத்து ஒன்று. முதல் ஆண்டே 1000 படி ஆஃப்செட்டில் போட வேண்டாம். டிஜிட்டல் அச்சுக்குப் பிளேட் இல்லை; 200 படி போட்டு இரண்டு மூன்று கல்லூரிகளில் ஓராண்டு நடத்திப் பாருங்கள். படிக்கு விலை சற்றுக் கூடும். ஆனால் வகுப்பறை கண்டுபிடிக்கும் பிழைகளை எந்த மெய்ப்புத் திருத்துநரும் கண்டுபிடிப்பதில்லை. பெரிய குழு வைத்து வேலை செய்யும் அரசுப் பாடநூல்களிலேயே, 2018இல் முதல் பதிப்பு வந்த பதினொன்றாம் வகுப்பு நூல்களில் அடுத்த ஆண்டே 'திருத்திய பதிப்பு' என்று அச்சாகியிருப்பதைப் பார்க்கலாம். திருத்தியதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

எண்ணும் சட்டமும்

ஐஎஸ்பிஎன் எண்ணைப் புது தில்லியில் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றி வழங்குகிறது. பிளேட் எடுக்கும் முன் எண் கையில் இருக்க வேண்டும் என்பதால் முதல் புரூஃப் வந்ததுமே விண்ணப்பித்துவிடுங்கள். எண்ணில் தட்டச்சுப் பிழை இல்லையா என்று பார்க்க எளிய வழி உண்டு. பதின்மூன்று இலக்கங்களையும் வரிசையாக 1, 3, 1, 3 என்று பெருக்கிக் கூட்டினால் வரும் தொகை பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். மறு அச்சுக்கு அதே எண் போதும். திருத்திய பதிப்புக்கும் மின்னூலுக்கும் தனி எண் வேண்டும். அச்சிட்ட நூலுக்கு ஜிஎஸ்டி இல்லை. விலை வைக்கும்போது கடைக்காரர் கழிவை மறக்காதீர்கள்.

நூல் வெளியான 30 நாளுக்குள் பதிப்பாளர் தம் செலவில் நான்கு நூலகங்களுக்குப் படி அனுப்ப வேண்டும் என்பது 1954ஆம் ஆண்டுச் சட்டம்: கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை மத்திய நூலகம், தில்லி பொது நூலகம். நூலைச் சொந்தமாக வெளியிட்டால் பதிப்பாளர் நீங்கள்தான். சிறு பதிப்பாளர்கள் பலர் இதைச் செய்வதில்லை. முப்பது ஆண்டு கழித்துத் தம் நூலுக்கே படி கிடைக்காமல் அலையும் ஆசிரியர்களுக்குக் கன்னிமாராதான் கடைசி நம்பிக்கை.

பைண்டரிடமிருந்து முதல் கட்டு வந்ததும் அதிலிருந்து ஒரு படியை எடுத்து, அட்டையில் 'திருத்தப் படி' என்று எழுதி உங்கள் மேசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் சொன்னது, சக ஆசிரியர் சொன்னது, நீங்களே கண்டது என எல்லாவற்றையும் அந்தந்தப் பக்கத்தில் தேதியோடு குறியுங்கள். அந்தப் படியை யாருக்கும் இரவல் தராதீர்கள். இரண்டாம் பதிப்பின் கைப்பிரதி அதுதான்.